கழுமரம் ஏறிய குடியானவர் ஜான் புரோக்டர்

ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகள் கையில் என்றாவது ஒருநாள் வந்து சேரும் நாடகம் ‘தி குருசிபல்’. தட்டார் பொன் உருக்கும் மூசையைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. ஆர்தர் மில்லர் எழுதிய அந்த நாடகம் 1953 ஜனவரியில் நியூயார்க்கில் முதன்முதலாக மேடை ஏறியது. சூனியக்காரர் என்று ஊரே பழி சுமத்த, உயிர் போனாலும் பொய் வாக்குமூலத்தில் பெயர் வைக்க மாட்டேன் என்று நிற்கும் ஜான் புரோக்டர்தான் அதன் நாயகன். ஜாசினிலோ மெர்லிமாவிலோ இதைப் பாடமாகப் படிக்கும் பிள்ளைக்கு, அந்தப் பெயரில் உண்மையாகவே ஒரு மனிதர் வாழ்ந்தார், தூக்கிலும் தொங்கினார் என்பது தெரியாமல் போகலாம்.

புரோக்டர் இங்கிலாந்தில் பிறந்து, சிறு பிள்ளையாகப் பெற்றோருடன் கப்பலேறி அமெரிக்காவின் மாசசூசெட்ஸுக்கு வந்தவர். 1666ஆம் ஆண்டு வாக்கில் சேலத்துக்குக் குடிபெயர்ந்தார். (இது தமிழ்நாட்டுச் சேலம் அல்ல, கடலோரத்து வெள்ளைக்காரர் குடியேற்றம்.) அங்கே 700 ஏக்கர் பண்ணை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். சாலையோரம் வழிப்போக்கர்களுக்குச் சாப்பாடும் பீரும் விற்கும் சத்திரம் ஒன்றும் அவருக்கு இருந்தது. இரண்டு மனைவியர் அடுத்தடுத்து இறந்துபோக, 1674இல் எலிசபெத்தை மணந்தார். உழைப்பாளி, வாய்த்துடுக்கும் முன்கோபமும் உள்ளவர்.

1692ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சேலம் கிராமத்துப் பாதிரியார் சாமுவேல் பாரிஸ் வீட்டில் இரண்டு சிறுமிகளுக்கு வலிப்பு மாதிரி வந்தது. ஒருத்தி அவருடைய 9 வயது மகள் பெட்டி. இன்னொருத்தி உறவுக்காரப் பெண் அபிகேல் வில்லியம்ஸ், வயது 11. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஊர் முடிவு கட்டியது. பிள்ளைகள் ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கினார்கள்.

அந்த வலிப்பு புரோக்டர் வீட்டு வேலைக்காரி மேரி வாரனுக்கும் வந்தது. 20 வயதுப் பெண். புரோக்டர் அவளை இராட்டையின் முன் உட்கார வைத்து, மறுபடி வலிப்பு வந்தால் அடி விழும் என்று மிரட்டினார். வலிப்பு நின்றது. எல்லாப் பெண்களையும் இப்படி நடத்தினால் ஊர் அடங்கிவிடும் என்று அவர் வெளியிலும் பேசினார். பெரிய மனிதர் வீட்டில் கூலிக்கு இருந்து ஏச்சும் அடியும் வாங்கியவர்களுக்கு இந்த இடத்தில் புரோக்டர் மீது பரிவு வராது. அது நியாயமே. ஆனால் அவர் சந்தேகப்பட்டது சரிதான். அந்தச் சந்தேகமே அவருக்கு வினையாகவும் முடிந்தது.

ஏப்ரலில் எலிசபெத் மீது பழி விழுந்தது. விசாரணையில் மனைவிக்காகப் பேசப்போன புரோக்டரையும் அங்கேயே சூனியக்காரர் என்றார்கள். அவர் உடம்பு எங்கோ இருக்க, ஆவி மட்டும் வந்து கிள்ளுகிறது, கடிக்கிறது என்று சாட்சி சொன்னார்கள். தன் ஆவி அங்கே வரவில்லை என்று எந்த மனிதன்தான் நிரூபிக்க முடியும்? நீதிமன்றமோ அதைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டது. கணவனும் மனைவியும் சிறைக்குப் போனார்கள். பின்னர் மகன்கள் பெஞ்சமின், வில்லியம், மகள் சாரா ஆகியோரும் பிடிபட்டார்கள்.

தீர்ப்பு வருமுன்னே ஷெரிப் வந்து சொத்தை அள்ளிக்கொண்டு போனார். மாடுகளை விற்றார், சிலவற்றை வெட்டினார். பீப்பாயில் இருந்த பீரைக் கொட்டிவிட்டுப் பீப்பாயை எடுத்தார். அடுப்பில் இருந்த சூப்பையும் கொட்டிவிட்டுச் சட்டியைக் கொண்டு போனார் என்று அக்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். வீட்டில் மிச்சம் இருந்த சின்னப் பிள்ளைகளுக்கு அடுத்த வேளைக்கு ஒன்றும் இல்லை.

நாடகத்தில் புரோக்டர் கையெழுத்திட்ட வாக்குமூலத்தைத் தாமே கிழித்துப் போடுகிறார். உண்மை புரோக்டர் அப்படி எதிலும் கையெழுத்திடவில்லை. அவர் எழுதியது ஒரு மனு. 1692 ஜூலை 23ஆம் தேதி சிறையிலிருந்து பாஸ்டன் பாதிரியார்கள் ஐவருக்கு அதை அனுப்பினார். விசாரணைக்கு முன்பே நீதிபதிகள் தங்களைக் குற்றவாளிகளாக முடிவு செய்துவிட்டார்கள், சிறை இளைஞர்களைச் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்குகிறார்கள், மகன் வில்லியமின் கழுத்தையும் குதிகாலையும் சேர்த்துக் கட்டி மூக்கில் இரத்தம் கொட்டும்வரை விட்டார்கள் என்று அதில் முறையிட்டார். வழக்கைப் பாஸ்டனுக்கு மாற்றுங்கள், இல்லையேல் நீதிபதிகளை மாற்றுங்கள் என்று கேட்டார். அக்கம்பக்கத்தார் ஐம்பது பேர் அளவில் அவர் நல்ல மனிதர் என்று தனி மனுக்களில் கையெழுத்திட்டார்கள். அந்த நாளில் அப்படிப் பெயர் கொடுப்பதற்குத் துணிச்சல் வேண்டும். அடுத்த பழி தங்கள் மேலேயே விழலாம்.

ஒன்றும் பலிக்கவில்லை. ஆகஸ்ட் 5ஆம் தேதி இருவருக்கும் மரண தண்டனை. எலிசபெத் கர்ப்பிணி என்பதால் அவருக்கு மட்டும் தவணை கிடைத்தது. ஆகஸ்ட் 19ஆம் தேதி புரோக்டரை வேறு நால்வருடன் தூக்கிலிட்டார்கள். வயது சுமார் 60. சாவதற்கு இன்னும் கொஞ்சம் நாள் கேட்டார், கிடைக்கவில்லை. தனக்காக ஜெபிக்கும்படி பாதிரியாரைக் கேட்டார். சூனியக்காரன் என்று ஒப்புக்கொள்ளாதவனுக்கு ஜெபம் இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். விசித்திரம் என்னவென்றால், குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் உயிர் பிழைத்தார்கள். மறுத்தவர்களே மாண்டார்கள். மொத்தம் 19 பேர் தூக்கில். ஒருவரைப் பாரம் ஏற்றிக் கொன்றார்கள்.

மனுவைப் பெற்ற ஐவரில் ஒருவரான இன்கிரீஸ் மேதர், ஆவிச் சாட்சியம் போதாது என்று அக்டோபரில் எழுதினார். அந்த மாதமே ஆளுநர் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். புரோக்டர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பாடமாகப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாடகத்தில் புரோக்டருக்கு முப்பது சொச்சம் வயது, அபிகேலுக்கு 17, இருவருக்கும் கள்ளக்காதல். இது மில்லரின் கற்பனை. 60 வயது மனிதருக்கும் 11 வயதுச் சிறுமிக்கும் அப்படி எதுவும் இருந்ததாக எந்த ஏட்டிலும் இல்லை. கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகப்பட்டு அமெரிக்க அரசு தன் மக்களையே வேட்டையாடிய 1950களை மனத்தில் வைத்து அவர் எழுதினார். 1956இல் அவரையே விசாரணைக்கு அழைத்து, கூட்டாளிகளின் பெயரைக் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை.

எலிசபெத்துக்கு 1693 ஜனவரியில் சிறையிலேயே ஆண் குழந்தை பிறந்தது. அப்பன் பெயரையே வைத்து ஜான் என்று அழைத்தார்கள். மே மாதம் அவர் விடுதலையானார். ஆனால் தண்டனை பெற்றவர் சட்டத்தின் முன் செத்தவருக்குச் சமம். கணவர் சிறையில் எழுதிய உயிலிலும் அவர் பெயர் இல்லை. தன் பங்குக்காக அவர் 1696இல் மனுப் போட வேண்டியிருந்தது. 1711இல்தான் அரசு புரோக்டர் குடும்பத்துக்கு இழப்பீடாக 150 பவுன் கொடுத்தது.

தூக்கிலிட்ட மேடு எது என்பது பல காலம் தகராறாகவே இருந்தது. 2016இல் ஆய்வாளர்கள் இடத்தை உறுதி செய்தார்கள். பின்னாளில் புரோக்டரின் வாரிசு ஒருவர் வாங்கிய நிலம் அது. அதனால் புரோக்டர்ஸ் லெட்ஜ் என்று பெயர். 2017 ஜூலையில் அங்கே 19 பேருக்கும் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது.