கையொப்பத்தைக் கம்பியில் அனுப்பிய கசெல்லி

தந்தி என்றதும் மார்சின் புள்ளியும் கோடும் நம் நினைவுக்கு வரும். செய்தியை நொடியில் சேர்ப்பித்த அவற்றால், எழுதியவர் இன்னார்தாம் என்று மெய்ப்பிக்க மட்டும் இயலவில்லை. அக்குறையைத் தீர்த்தவர் ஓர் இத்தாலியப் பாதிரியார்!

ஜியோவன்னி கசெல்லி 1815-ஆம் ஆண்டு சியெனா நகரில் பிறந்தார். ஃபிளாரன்சில் நோபிலி என்னும் இயற்பியல் அறிஞரிடம் பாடம் கேட்டார். பின்னர்ப் பார்மாவில் ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். அரசியல் கிளர்ச்சியில் ஈடுபட்டமையால் 1849-இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, ஃபிளாரன்சுக்குத் திரும்பித் தந்தி ஆராய்ச்சியில் இறங்கினார்.

ஸ்காட்லாந்துக்காரரான பெயின் 1843-இலும், ஆங்கிலேயரான பேக்வெல் 1848-இலும் இத்துறையில் முன்னரே வழிகாட்டியிருந்தனர். ஆனால் அனுப்பும் எந்திரமும் பெறும் எந்திரமும் ஒத்து ஓடாமையால் எழுத்துகள் சிதைந்தன. கசெல்லி கனத்த ஊசல்களையும், அவற்றைச் சீராக்கும் கடிகாரங்களையும் கொண்டு அச்சிக்கலை அவிழ்த்தார். கருவிகள் செய்வதில் வல்லவரான ஃப்ரோமான் பாரிசில் அவருக்குத் துணை நின்றார். ஆளுயரத்தை மிஞ்சிய அந்த எந்திரத்துக்குப் பான்டெலிகிராஃப் என்று பெயர்.

அனுப்ப வேண்டிய கடிதத்தை ஆயத்தம் செய்யும் முறைதான் என்னை மிகவும் கவர்ந்தது. சாதாரணக் காகிதம் பயன்படாது. வெள்ளீயத் தாளில், மின்சாரம் கடத்தாத மையால் எழுத வேண்டும். தாளின் அளவு 111 மில்லிமீட்டருக்கு 27 மில்லிமீட்டர். ஏறத்தாழ 25 சொற்களே கொள்ளும். அதன்மீது ஓர் ஊசி வரிவரியாக ஊர்ந்து செல்லும். வெறும் உலோகத்தைத் தொடும்போது மின்னோட்டம் அங்கேயே சுற்றித் திரும்பிவிடும். மையைத் தொட்டதும் வழி அடைபட்டுக் கம்பிவழியே மறு ஊருக்குப் பாயும். எனவே மை விட்டுப்போன இடம் அங்கும் விட்டுப்போகும்! மறுமுனையில் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடில் நனைத்த காகிதத்தில் இரும்பு ஊசி நீல எழுத்தாகப் பதிக்கும். நம் ஆய்வகத்தில் ஃபெர்ரிக் உப்பைக் கண்டறிய நாம் ஊற்றும் அதே கரைசல்தான், அதே நீலந்தான்.

மார்சு முறையில் ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் தனிக் குறியீடு வேண்டும். இதற்கோ எம்மொழியும் ஒன்றே. நம் ழகரத்தை எழுதிக் கொடுத்திருந்தாலும் பிசகாமல் போய்ச் சேர்ந்திருக்கும்.

1860-இல் பாரிசுக்கும் ஆமியானுக்கும் இடையே 140 கிலோமீட்டர் தொலைவில் சோதனை நடந்தது. இசைமேதை ரொசினியின் கையொப்பம் அன்று கம்பிவழியே சென்றது. மன்னர் மூன்றாம் நெப்போலியனும் ஆதரவளித்தார். 1865-இல் பாரிசு - லியோன் வழியில் பொதுமக்களுக்கான சேவை தொடங்கிற்று.

ஆனால் அதனை நாடி வந்தோர் யார்? பெரும்பாலும் வங்கியாளரும் பங்குவணிகருமே. பணம் கைமாறுமுன் கையொப்பத்தைச் சரிபார்க்க அவர்களுக்கு இது தேவைப்பட்டது. என் தந்தையார் கைநாட்டு வைப்பவர். ஒரு கையொப்பத்துக்கு இவ்வளவு பெரிய எந்திரமா என்று எனக்கு வியப்புத் தோன்றவில்லை. கைநாட்டு வைப்பவருக்குச் சாட்சி தேடி அலைந்தவர்களுக்கு அதன் விலை தெரியும்.

1870-இல் பிரஷ்யப் போர் மூண்டதும் சேவை நின்றது. மீண்டும் தொடங்கப்படவில்லை. கசெல்லி ஃபிளாரன்சில் 1891-இல் காலமானார். அவருடைய எந்திரம் பாரிசு கலைத்தொழில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.