25 வயசுல வெள்ளைச் சேலை... 60 தாண்டியும் பாட்டு! கே.பி.சுந்தராம்பாள் எடுத்த முடிவு

தைப்பூசம், ஆடிக் கிருத்திகைன்னா ஊர்க் கோயில் ஸ்பீக்கர்ல ஒரு கணீர் குரல் முருகனைக் கூப்பிடும். திருப்பாலைவனமோ திருச்செந்தூரோ, நீங்க எங்க இருந்தாலும் கேட்டிருப்பீங்க. 'திருவிளையாடல்' படத்துல, கோவிச்சுக்கிட்டுப் போன முருகனைச் சமாதானப்படுத்துற ஔவைப் பாட்டியோட குரல்தான் அது. கே.பி.சுந்தராம்பாள்!

அந்தப் பாட்டிக்குப் பின்னாடி ஒரு காதல் கதை இருக்கு. அது தெரியுமா உங்களுக்கு?

காவிரிக்கரை கொடுமுடியில் 1908-ல் பிறந்தவர். வீட்டில் வறுமை. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசுல ரயிலில் பாடிச் சம்பாதித்தார். அந்தக் குரல்தான் அவரை நாடகக் கம்பெனிக்குக் கொண்டுபோனது. அப்போது மேடையைக் கலக்கிக்கொண்டிருந்தவர் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா. இலங்கையில் ஜோடியாக நடித்தார்கள். ஊர் திரும்பி 1927-ல் கல்யாணமும் செய்துகொண்டார்கள். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் இவர்கள் போட்டி போட்டுப் பாடினால் கூட்டம் அள்ளும்.

ஆனா, வாழ்க்கை மேடை மாதிரி இல்லை. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. குடிப்பழக்கம் வேறு. கடைசியில் இருவரும் பிரிந்தே இருந்தார்கள். 1933 டிசம்பர் 2-ம் தேதி கிட்டப்பா இறந்தார். அவருக்கு 27 வயசு, சுந்தராம்பாளுக்கு 25.

அன்றைக்குக் கட்டிய வெள்ளைச் சேலையை அவர் கடைசி வரை மாற்றவில்லை. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்து மேடையை விட்டும் ஒதுங்கினார். விட்டுப்போன மனுஷனுக்காக இவ்வளவா என்று இன்றைக்கு நமக்குக் கோபம்கூட வரலாம். கைம்பெண்களை மூலையில் உட்கார வைத்த காலம் அது என்பதையும் மறந்துடக் கூடாது.

அவர் மூலையில் உட்காரவில்லை. அங்கதான் விஷயமே!

சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். 1935-ல் 'நந்தனார்' படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் 1 லட்சம் ரூபாய். ஜோடியே தேவைப்படாத வேஷம், அதுவும் ஆண் வேஷம். 1951-ல் சென்னை மாகாண மேலவை உறுப்பினர் ஆனார். 1953-ல் ஜெமினியின் 'ஔவையார்' வந்தபோது அவருக்கு 44 வயசுதான். தமிழ்நாட்டுக்கே அவர் பாட்டியானது அப்போதுதான்.

கவனிச்சீங்களா? நந்தனார், ஔவை, பிறகு 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள்... தன் சபதத்துக்குள்ளேயே பொருந்துகிற வேஷங்களாகத் தேர்ந்தெடுத்தார். வயசாக ஆக மற்ற நடிகைகளுக்கு வாய்ப்பு குறையும். இவருக்கோ, ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் 'திருவிளையாடல்', 'கந்தன் கருணை' எல்லாம் வந்தன. 1969-ல் வெளியான 'துணைவன்' படத்தில் பாடியதற்கு தேசிய விருது. 1970-ல் பத்மஸ்ரீ.

1980-ல் அவர் மறைந்தார். ஏறக்குறைய 47 வருடம் அந்தத் துக்கத்தோடுதான் வாழ்ந்தார். அதை மறைக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. ஆனா, எதை விடணும், எதை விடக் கூடாதுன்னு அவரே ஒரு கோடு போட்டுக்கிட்டார். ஜோடியை விட்டார். குரலை விடலை.

பெரிய இழப்பு வந்தா எல்லாத்தையும் மூட்டை கட்டிடலாம்னு தோணும். நமக்கும் தோணியிருக்கும். அப்படித் தோணுற நாள்ல, இந்தப் பாட்டியின் பாட்டு ஒண்ணைப் போட்டுக் கேளுங்க.