சவப்பெட்டி தயாரித்தவர் எழுதிய டயட் புத்தகம்: யார் இந்த வில்லியம் பான்டிங்?

பேலியோ, கீட்டோன்னு இன்னைக்குப் பலரும் பின்பற்றுற குறைந்த மாவுச்சத்து டயட் புதுசு கிடையாது. 160 வருடங்களுக்கு முன்பே லண்டனில் அது பெரிய டிரெண்ட். அதைக் கிளப்பிவிட்டவர் டாக்டர் கூட இல்லை. இறுதிச்சடங்கு நடத்திக் கொடுக்கும் தொழில் செய்தவர்!

யார் இவர்?

வில்லியம் பான்டிங்கின் குடும்ப நிறுவனம்தான் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் இறுதிச்சடங்குகளை நடத்தி வந்தது. 1852-ல் வெலிங்டன் பிரபு, 1861-ல் விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் ஆகியோரின் இறுதிச்சடங்குகளையும் இவர்கள்தான் கவனித்தார்கள்.

என்ன பிரச்னை?

1862-ல் அவருக்கு வயது 66. உயரம் 5 அடி 5 அங்குலம், எடை சுமார் 92 கிலோ. குனிந்து ஷூ கயிறு கட்ட முடியாது. மூட்டு வலிக்குப் பயந்து மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார். வெளியே போனால் கேலிப் பேச்சு வேறு.

சும்மா இருந்தாரா? இல்லை. தினமும் காலையில் படகு ஓட்டினார், பசிதான் அதிகமானது. நீராவிக் குளியல், மருந்து என எல்லாம் பார்த்தார். எடை மட்டும் இறங்கவே இல்லை.

திருப்பம் எங்கே?

காது சரியாகக் கேட்கவில்லை என்று வில்லியம் ஹார்வி என்ற காது டாக்டரிடம் போனார். பாரிஸில் கிளாட் பெர்னார்டு என்ற விஞ்ஞானி, கல்லீரலும் சர்க்கரையும் பற்றி நடத்திய வகுப்புகளைக் கேட்டவர் ஹார்வி. பருமன்தான் காதையும் அடைக்கிறது என்று அவர் நினைத்தார். பிரெட், வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் தடை போட்டார்.

அப்போ என்னதான் சாப்பிட்டார்? இறைச்சி, மீன், காய்கறி, பழம், துளி பிரெட் டோஸ்ட், பால் சர்க்கரை இல்லாத டீ. கூடவே ஒயின்!

ஒரே வருடத்தில் சுமார் 21 கிலோ குறைந்தது. இடுப்பளவு 12 அங்குலம் இறங்கியது. காதும் நன்றாகக் கேட்டது.

இலவசமாகக் கொடுத்த புத்தகம்

இந்த அனுபவத்தை 1863-ல் ஒரு கடிதம் மாதிரி எழுதி, சொந்தச் செலவில் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். தேவை கூடியதால் மூன்றாம் பதிப்பு விலைக்கு வந்தது. 60,000 பிரதிகளுக்கு மேல் போனது. லாபத்தைத் தர்மத்துக்கே கொடுத்துவிட்டார்.

மருத்துவ உலகமோ கிண்டலடித்தது. அதில் ஒரு நியாயமான கேள்வியும் இருந்தது: ஒருவர் உடம்புக்குச் சரிப்பட்டது எல்லோருக்கும் சரிப்படுமா? இன்று யூடியூபில் வரும் 'நான் இப்படித்தான் இளைத்தேன்' வீடியோக்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். ஒரு வித்தியாசம், பான்டிங் தன் லாபத்துக்காக எதையும் விற்கவில்லை. டாக்டரைப் பார்த்த பிறகே உணவை மாற்றினார்.

பேர் மட்டும் நிலைத்தது

பான்டிங் 1878-ல், 81 வயதில் காலமானார். ஸ்வீடன் மொழியில் டயட் இருப்பதற்கு இன்றும் 'பான்டா' என்றுதான் சொல்கிறார்கள். அந்த வார்த்தை இவர் பெயரிலிருந்து வந்ததுதான்!