கார்புரேட்டர் தந்த மேபாக்

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வண்டி கிளம்பும், உடனே அணைந்துபோகும். அப்போது ஸ்குரூ டிரைவரால் கார்புரேட்டரில் உள்ள சிறு திருகை லேசாகத் திருப்புவர். வண்டி சீராக ஓடத் தொடங்கும்!

அந்தத் திருகு, பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவைச் சரிசெய்கிறது. பெட்ரோல் அதிகமானால் புகை கக்கும். குறைந்தால் இன்ஜின் திணறும். இந்தக் கலவைக்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டவர், ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் மேபாக்.

ஹைல்பிரான் நகரில், 1846, பிப்ரவரி 9ல் பிறந்தார். தந்தை தச்சர். பத்து வயதிலேயே தாய், தந்தை இருவரையும் இழந்து, ராய்ட்லிங்கன் நகரில் இருந்த ஆதரவற்றோர் இல்லத்தில் சேர்ந்தார். அங்கு இயந்திரப் பட்டறையும் இருந்தது. சிறுவனின் திறமையைக் கண்ட நிர்வாகி, படம் வரையப் பயிற்சி கொடுத்தார். பட்டறையைக் கவனிக்க வந்த பொறியாளர் காட்லீப் டைம்லர், இவரைத் தன் உதவியாளராக்கிக் கொண்டார். அந்த நட்பு, டைம்லர் இறக்கும்வரை நீடித்தது.

இருவரும், 1882ல் கான்ஸ்டாட் என்ற ஊருக்கு வந்தனர். டைம்லர் வீட்டுத் தோட்டத்தில் இருந்த கண்ணாடிக் குடில்தான் பட்டறை. இரவு பகலாகச் சத்தம் கேட்டதால், கள்ள நாணயம் அடிப்பதாகத் தோட்டக்காரர் சந்தேகப்பட்டார். போலீசார் வந்து சோதித்தனர். கிடைத்தவை இன்ஜின்கள் மட்டுமே!

அந்தக் குடிலில், 1885ல் உருவானதுதான் உலகின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிள். உடல் முழுக்க மரம். இன்ஜின் அளவு 264 சி.சி., வேகம் மணிக்கு 12 கி.மீ., தான். டைம்லரின் மகன் ஓட்டிப் பார்த்தபோது, இன்ஜின் சூட்டில் இருக்கை தீப்பிடித்துவிட்டது.

அதன் கார்புரேட்டரில், பெட்ரோலின் மீது காற்றுப் பட்டு ஆவியை எடுத்துச் செல்லும். எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடுவதால், கலவை ஒரே சீராக இருக்காது. மேபாக் விடவில்லை. கான்ஸ்டாட்டில் இருந்த ஒரு பழைய ஓட்டல் கூடத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். 1893ல் புதிய கார்புரேட்டர் பிறந்தது.

அதில் சிறு தொட்டி ஒன்று உண்டு. பெட்ரோல் மட்டம் கூடாமலும் குறையாமலும் ஒரு மிதவை பார்த்துக்கொள்ளும். வேகமாகப் பாயும் காற்று, நுண்ணிய துளை வழியே பெட்ரோலை உறிஞ்சி, தூவலாகச் சிதறடிக்கும். நன்கு எரிய, எடையில் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். பின்னாளில் வந்த கார்புரேட்டர்கள் எல்லாம் இந்த வழியைத்தான் பின்பற்றின.

டைம்லர், 1900ல் இறந்தார். அடுத்த ஆண்டே மேபாக் வடிவமைத்த மெர்சிடிஸ் கார், பந்தயங்களில் வென்றது. ஆனாலும், நிர்வாகத்தினருடன் மனக்கசப்பு ஏற்பட்டு, 1907ல் நிறுவனத்தை விட்டு விலக நேர்ந்தது. அப்போது வயது 61. ஓய்ந்து உட்காராமல், மகன் கார்லுடன் சேர்ந்து, 1909ல் ஆகாயக் கப்பல்களுக்கு இன்ஜின் செய்யும் நிறுவனம் துவங்கக் காரணமாக இருந்தார். அனாதையாக வளர்ந்த அவருக்கு, 1916ல் ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரி கவுரவ டாக்டர் பட்டம் வழங்கியது. 1929, டிசம்பர் 29ல் மறைந்தார். கான்ஸ்டாட்டில், நண்பர் டைம்லர் துயிலும் அதே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இன்று புதிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை; மின்னணுக் கருவியே பெட்ரோலை அளந்து தருகிறது. ஆனால், அளந்து கலக்க வேண்டும் என்ற பாடம் மாறவில்லை. அடுத்த முறை யாராவது அந்தச் சிறு திருகைத் திருப்பினால், அருகில் நின்று பாருங்கள். மேபாக்கை நினைத்துக்கொள்ளுங்கள்!