மொரிசு உத்ரில்லோ

மொரிசு உத்ரில்லோ (டிசம்பர் 26, 1883 - நவம்பர் 5, 1955) பாரிசின் மொன்மார்த்ர் பகுதியில் பிறந்த பிரெஞ்சு ஓவியர் ஆவார். இவர் ஓவியப் பள்ளி எதிலும் பயிலாதவர். இவரது தாய் சுசான் வலதோன், ரெனுவார் முதலிய ஓவியர்களின் முன் மாதிரியாக அமர்ந்து, தாமும் ஓவியம் கற்றுக்கொண்டவர். இளமையிலேயே குடிக்கு அடிமையான மகனைத் திருத்தும் பொருட்டு, மருத்துவர் அறிவுரைப்படி ஓவியம் வரையத் தூண்டியவர் அவரே.

உத்ரில்லோ பலமுறை மீண்டும் குடித்தார். மருத்துவமனையிலிருந்து திரும்பும்தோறும் மீண்டும் வரைந்தார். தெருக்களை அஞ்சலட்டைப் படங்களைப் பார்த்தும் வரைந்தார். ஏறத்தாழ 1909 முதல் 1914 வரையான காலம் இவரது வெள்ளைக் காலம் எனப்படுகிறது. பழஞ்சுவர்களின் தன்மையைக் காட்ட வெள்ளை வண்ணத்துடன் சுண்ணச்சாந்தையும் கலந்தார்.

1935 இல் லூசி வலோரை மணந்தபின், மனைவியின் கண்காணிப்பில் லெ வெசினே நகரில் அமைதியாக வாழ்ந்து தொடர்ந்து வரைந்தார். எனினும் இவரது சிறந்த படைப்புகளாகக் கருதப்படுபவை, குடியோடு போராடிய வெள்ளைக் காலத்தனவே. இவரது உடல் மொன்மார்த்ரிலுள்ள புனித வின்சென்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.