ஆர்வி நிலையத்துக்குப் பெயர் தந்த விக்ரம் சாராபாய்

அப்துல் கலாமைப் பற்றி வருஷா வருஷம் யாராவது எழுதி விடுகிறார்கள். நான் அவருக்கும் வழிகாட்டியாக இருந்த டாக்டர் விக்ரம் சாராபாயை எடுத்துக்கொண்டேன். ராக்கெட்டை விட்டுவிட்டு, அவர் போட்ட டெலிபோன் வழியை மட்டும் சொல்கிறேன். நான் இ.சி.இ. மாணவன், வேறென்ன சொல்வேன்!

1919 ஆகஸ்ட் 12-ல் ஆமதாபாத்தில் பெரிய மில் முதலாளி வீட்டில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் படிப்பு, பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சி, 1963-ல் தும்பாவில் முதல் ராக்கெட். இதெல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது.

அப்போது வெளிநாட்டுக்குப் போன் பேசுவது குறுகிய அலை ரேடியோவை நம்பித்தான். அயனி மண்டலம் சரியில்லை என்றால் பேச்சும் கரகரவென்று போய்விடும். 1964-ல் இன்டெல்சாட் என்ற சர்வதேச செயற்கைக்கோள் அமைப்பு வந்தது. அதில் நாடுகளுக்குத்தான் இடம். ஹாங்காங் மாதிரி அயலார் ஆட்சியில் இருந்த ஊர்களுக்குத் தனி இருக்கை இல்லை. ஆளுகிற நாட்டின் பெயரில்தான் போக வேண்டும். நமக்கு சுதந்திரம் இருந்தது, இருக்கையும் கிடைத்தது. ஆனால் வானத்தைப் பார்க்கும் டிஷ்ஷை யார் கட்டுவது?

வெளிநாட்டுக் கம்பெனியிடம் முழுசாக விட்டுவிடலாம் என்பதுதான் சுலபமான வழி. சாராபாய் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஐ.நா. உதவியுடன் 1967-ல் ஆமதாபாத்தில் சோதனைத் தரைநிலையம் வைத்து நம் ஆட்களைப் பழக்கினார். அந்தத் தைரியத்தில் புனே பக்கத்து ஆர்வியில் பெரிய நிலையத்தை நம் பொறியாளர்களே கட்டும் பொறுப்பை வாங்கினார். அவர் வாழ்க்கையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவனுக்குத்தான் தெரியும், நீ செய்வாய் என்று ஒருவர் நம்பி வேலை கொடுப்பதன் அருமை.

1969-ல் நாசாவோடு ஒப்பந்தம் போட்டார். கிராமத்து டிவி நேராகச் செயற்கைக்கோளிலிருந்தே படம் வாங்க வேண்டும் என்பது திட்டம். 1975-ல் அது சுமார் 2400 கிராமங்களில் நடந்தது. பார்க்க அவர் இல்லை. 1971 டிசம்பர் 30-ல் கோவளத்தில், 52 வயதிலேயே காலமாகிவிட்டார். 1972-ல் ஆர்வி திறந்தபோது விக்ரம் என்றே பெயர் வைத்தார்கள்.

இதில் ஒரு குறையும் சொல்லத்தான் வேண்டும். வாசல் நம்முடையது ஆனது, சாவி மட்டும் ஒரே கையில் இருந்தது. முதலில் வெளிநாட்டுத் தொடர்புத் துறை, 1986 முதல் வி.எஸ்.என்.எல். வேறு யாரும் வெளிநாட்டு போன் சேவை நடத்த முடியாது. இது அவர் போட்ட விதி இல்லை, பெரும்பாலான நாடுகளில் அப்போது அப்படித்தான். 2002 ஏப்ரலில்தான் மற்றக் கம்பெனிகளுக்கும் உரிமம் கிடைத்தது. ஐ.எஸ்.டி. கட்டணமும் மளமளவென்று இறங்கியது.

எங்க ரஞ்சன்குடியிலிருந்து சித்தப்பா குவைத் போனது அதற்கு முன்னாடி. பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, இதோடு அப்பாயி போனை வைத்துவிடுமாம். கட்டணம் குறைந்த பிறகுதான் மாடு கன்று போட்டது, மக்காச்சோளம் என்ன விலைக்குப் போனது என்று சாவகாசமாகப் பேச ஆரம்பித்ததாம்.