மாயூரம் வேதநாயகம் பிள்ளை

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டில் பிறந்தவர் வேதநாயகம் பிள்ளை. தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் அவர் முன்சீபாக அமர்ந்து நீதி வழங்கினார். அக்காலத்தில் மேல் நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்திலேயே இருந்தன. ஆங்கிலம் அறியாத குடிமகன், தன் வழக்கைப் போன்றதொரு வழக்கு முன்னரே முடிவாகியிருப்பதை அறிய வழியில்லை. அறிந்திருந்தால் வீண்வழக்குத் தொடுத்துப் பொருளை இழவான். எதிரியோடு இணங்கிப் போயிருப்பான். இக்குறையைப் போக்க எண்ணிய வேதநாயகர், 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்துச் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் நூலாக 1862இல் வெளியிட்டார். வழக்கறிஞர் தமிழிலேயே வாதாட வேண்டும் என்பதை, 1879இல் வெளிவந்த தம் 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் புதினத்திலும் வலியுறுத்தினார். 1889இல் அவர் மறைந்தார். வழக்காடுவோனுக்கு விளங்காத நீதி முழு நீதியன்று என்பதை அவர்தம் தொண்டு நமக்கு உணர்த்துகின்றது.